வாசலில் நின்ற கேரவன்

"யோவ் ரோஸ்கோ! வெளியே வாய்யா! புகார் குடுக்கத் தெரியுதுல்ல, மூஞ்சியைக் காட்டத் தெரியாதா?"

வெர்லின் ஹாஸ்கெட் நடுத்தெருவில் நின்று கத்திய கத்தலில் தெரு முழுக்க ஜன்னல் திரைகள் விலகின.

எல்லாம் அவர் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கேரவனால் வந்த வினை. உள்ளேயே படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. ரிட்டயர் ஆனதும் ஆசையாக வாங்கியது. சனிக்கிழமை தவறாமல் துடைப்பார், மெழுகு போட்டுப் பளபளப்பாக்குவார், "அடுத்த மாசம் கிளம்பறோம்" என்பார். அடுத்த மாதம் டயர் சரியில்லை என்பார். அதற்கடுத்த மாதம் பெட்ரோல் விலை.

"ஐயா, விதி இதுதான்" என்றாள் நகரசபையிலிருந்து வந்திருந்த ட்ரிஷா. "வீட்டு முன்னால ரெண்டு நாளுக்கு மேல கேரவன் நிக்கக் கூடாது. பின்பக்கம் வேலிக்குள்ள வைங்க. இல்லேன்னா ஊருக்கு வெளியே வாடகைக்கு இடம் இருக்கு, அங்க விடுங்க."

"பின்பக்கம் ஏதும்மா இடம்? ஓக் மரத்தை வெட்டச் சொல்றியா? புகார் குடுத்தது யாரு, அதைச் சொல்லு முதல்ல!"

"அதைச் சொல்லக் கூடாது. அதுவும் விதிதான்."

"நீ சொல்லவே வேணாம். அடுத்த வீட்டுப் புல்லு ஒரு விரக்கடை கூட வளர்ந்தாலே முகம் சுளிக்கிற ஆளு இந்தத் தெருவுல ஒருத்தன்தான்!"

அந்த ஒருத்தர், எதிர் வீட்டு ரோஸ்கோ, காபிக் கோப்பையோடு நிதானமாக வெளியே வந்தார்.

"ஜன்னலைத் திறந்தா ஏரி தெரியணும் எனக்கு. உன் வண்டியோட பின்பக்கம்தான் தெரியுது."

"அப்ப நீதான்!"

ரோஸ்கோ இல்லை என்று சொல்லவில்லை. ஒரு வாய் காபி குடித்தார்.

"ஓட்டத் தெரியலைன்னா வெக்கப்படாம சொல்லு வெர்லின். இழுத்துட்டுப் போற லாரியை நானே வரச் சொல்றேன்."

தெருவே 'உச்' கொட்டியது.

"சே, என்ன மனுஷன்!" என்றாள் பக்கத்து வீட்டு டோனா. "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு விருந்துக்கு நீங்க வர வேணாம், ரோஸ்கோ."

வெர்லினின் முகம் தக்காளியாகச் சிவந்துவிட்டது.

"எனக்கா ஓட்டத் தெரியாது? ஜோலீன்! பெட்டியைக் கட்டு! பசிபிக் கடல் வரைக்கும் போறோம்!"

"இப்பவேவா?" என்றாள் அவர் மனைவி, பாவமாக.

"இப்பவே! இந்தாளு மூஞ்சியில முழிக்காம இருந்தாலே போதும்!"

மதியத்துக்குள் கேரவன் உறுமியது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி எதிர் வீட்டை முறைத்துக்கொண்டிருந்தார் வெர்லின்.

"ஒரு நிமிஷம் இரு" என்று படியில் வைத்த காலை எடுத்தாள் ஜோலீன். "அந்தாளை நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டுட்டு வரேன். இல்லேன்னா என் மனசு ஆறாது."

"நல்லாக் கேளு!"

விடுவிடுவென்று தெருவைக் கடந்து போய், ரோஸ்கோவின் மூக்குக்கு நேராக விரலை ஆட்டினாள். திரைக்குப் பின்னால் நின்றவர்களுக்குப் பரம திருப்தி.

"ரொம்ப நன்றி, ரோஸ்கோ" என்றாள் தணிந்த குரலில், விரலை நிறுத்தாமல். "வண்டியை வாங்கி ஓட்டிட்டு வந்த அன்னைக்கே பாலத்துச் சுவத்துல மோதப் பார்த்தார். அதுக்கப்புறம் சாவியைத் தொடவே பயம். வெளியில சொல்லவும் கூச்சம். நான் எவ்வளவு தைரியம் சொல்லியும் ஏறலை."

"கோபம் ஏறிடுச்சே, அது போதும். பத்திரமாப் போயிட்டு வாங்க" என்ற ரோஸ்கோ, சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "இன்னும் கொஞ்சம் முறைச்சுத் திட்டும்மா, பார்க்கிறார்."

ஜோலீன் இரண்டு கைகளையும் ஆட்டினாள்.

"கடலைப் பார்த்து அவர் மனசு குளிர்ந்ததும் நானே அவர்கிட்ட சொல்லிடறேன், புகார் குடுத்தது நான்தான்னு!"