கேத் லேப் வாசலில் இட்லி

தம்பி ஆஸ்பத்திரியில், நெஞ்சுக்குழாய் அடைப்பு பார்க்கும் கேத் லேப்புக்குள் படுத்துக் கிடக்க, வாசலில் உட்கார்ந்து அவன் பெண்டாட்டி இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

நாகர்கோவிலில் பஸ் ஏறி, தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்து, அடித்துப் பிடித்து வந்த ராஜமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏளா செண்பகம், எந்தம்பிக்கு என்னளா ஆச்சு?"

செண்பகவல்லி வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினாள்.

"நேத்து சாலைக் கடையில மூடை எறக்கும்போது நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காந்துட்டாவ மதினி. ரத்தக்குழாயில அடைப்பாம். வெடிக்கிற மாதிரி அடைப்பான்னு உள்ள கேமரா விட்டுப் பாக்காவ. பாத்துட்டுத்தான் ஸ்டென்ட் வைப்பாவளாம்."

"வெடிச்சா என்னளா ஆவும்?"

செண்பகவல்லி அடுத்த இட்லியைப் பிட்டாள்.

ராஜமணியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"புருசன் உசிரு ஊசலாடுது, ஒனக்கு இட்லி எறங்குதோ? எங்க வீட்டுக்காரருக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் பண்ணும்போது நான் பச்சத்தண்ணி பல்லுல படாம கெடந்தேன், தெரியுமா?"

எதிர் வரிசையில் தலைகள் திரும்பின. "எந்தொரு பெண்ணு!" என்று யாரோ மலையாளத்தில் முகம் சுளித்து முணுமுணுத்தார்கள்.

செண்பகவல்லி சட்னியைக்கூடத் தொடாமல் வாயில் அடைத்தாள். தொண்டையில் சிக்கியது. தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினாள். கண் மட்டும் கேத் லேப் கதவை விட்டு நகரவில்லை.

"மெதுவா தின்னு தாயி. இட்லி எங்கேயும் ஓடிப் போயிராது" என்றாள் ராஜமணி, குத்தலாக.

கதவு திறந்தது. நர்ஸ் ஷிஜா தலையை நீட்டினாள். ராஜமணி கதவருகே பாய்ந்தாள்.

"சிஸ்டர், எந்தம்பிக்கு..."

நர்ஸ் செண்பகவல்லியின் இட்லிப் பொட்டலத்தைத்தான் பார்த்தாள்.

"கழிச்சோ சேச்சி? முழுசும் சாப்பிட்டாச்சல்லோ?"

செண்பகவல்லி காலி இலையைத் தூக்கிக் காட்டினாள்.

"சாப்பாடா இப்போ முக்கியம்?" ராஜமணி சீறினாள்.

"பின்னே? அண்ணன் முழிச்சுட்டுத்தான் கெடக்கார் அம்மா. 'நான் சாப்பிடலைன்னா அவளும் பட்டினி கெடப்பா, சுகர்காரி, மயங்கி விழுவா'ன்னு எழும்பி எழும்பி வாசலையே நோக்குறார். அசைஞ்சா கேமராவில படம் கிட்டாது. படம் இல்லாம டாக்டர் எப்படி ஸ்டென்ட் வைக்கும்?"

சொல்லிவிட்டு உள்ளே திரும்பிச் சத்தமாகக் கூப்பிட்டாள்:

"அண்ணா, சேச்சி சாப்பிட்டாச்சு! இனியாவது அசையாம கெடக்கணும், கேட்டோ!"