பிரிசில்லா நிறம்

வீட்டு அடுப்பிலேயே சாயம் காய்ச்சி, உயர்ந்த மெரினோ கம்பளி நூலில் ஏற்றி விற்கும் அமலன், புதிதாகப் போட்ட கத்தரிப்பூ நிறத்துக்குப் பிரிசில்லா என்று பெயர் வைத்தான். ரெஜினாவுக்கு வயிறு எரிந்தது. துவைத்தால் சாயம் போன காலத்திலிருந்தே அவனிடம் நூல் வாங்கி ஸ்வெட்டர் பின்னுபவள் அவள். அவளோடு சேர்ந்து பின்ன வந்து ஒட்டிக்கொண்ட தோழிதான் பிரிசில்லா. ஊரெல்லாம் இனி பிரிசில்லாவை உடுத்திக்கொண்டு திரிவதா? சொந்தக்காரர்கள் பெயரிலெல்லாம் ஆர்டர் போட்டு, அந்த நிற நூல் மொத்தத்தையும் தானே வாங்கிப் பீரோவில் திணித்தாள்.

மறுவாரம் பிரிசில்லாவே போன் செய்தாள். “ரெஜி, என் கலரு போட்ட அன்னைக்கே தீந்துபோச்சாம்டி. இனிமே வருஷம் பூரா அதையேதான் போடப்போறானாம்.”

“சந்தோஷம்டி” என்ற ரெஜினா, மூட மறுத்த பீரோக் கதவை முதுகால் அழுத்தியபடி, இன்னும் எந்தச் சொந்தக்காரர் பெயர் மிச்சமிருக்கிறது என்று யோசித்தாள்.