காத்து வரல

“இன்னா மாமே, டூப்ளிகேட் சரக்க என் தலையில கட்டிட்டியா? தம் கட்டி இழுத்தாலும் காத்தே வர மாட்டுது!”

ஆவடியில் ஜீவாவின் செல்போன் ரிப்பேர் கடை. கோபி இடுப்பிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தது ஒரு இ-சிகரெட். விற்றாலே குற்றம் என்று சட்டம் சொல்லும் சாமான். அதனால் ஜீவா எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்துதான் அதைக் கையில் எடுத்தான்.

“கத்தாத மச்சான். எப்பலேர்ந்து இப்டி கீது?”

“முந்தாநாள் நல்லா இருந்திச்சி. இன்னிக்கு விடிகாலை இருட்டுல தடவி எடுத்தாந்து மாடிக்குப் போய் இழுத்தா, கம்முனு கீது. உண்மையச் சொல்லு, பழசத்தான பாலீஷ் போட்டுக் குடுத்த?”

ஜீவா அதைக் கழற்றினான். மேலே திரவம் நிற்கும் தொட்டி சரியாக இருந்தது. உள்ளே சூடாகும் கம்பிச்சுருள் சரி, பஞ்சும் சரி. அடியில் காற்று போகும் வளையத்தைத் திருப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்தவன் முகம் மாறியது.

“மச்சான், என் மேல பழி போடாத. காத்து போற ஓட்டை எல்லாத்தையும் எதையோ அப்பி அடைச்சிருக்காங்க. பழுப்பா, காஞ்ச மாவு மாரி கீது. இது யாரு கைக்குப் போச்சு?”

கோபிக்கு வீட்டு ஞாபகம் வந்தது.

குழந்தைக்கு வீசிங். ராத்திரியெல்லாம் நெஞ்சு இழுத்துக்கொண்டு அழுவாள். போன ஆடியில், திருவேற்காட்டுக் கோயில் வாசலில், அவள் தலையில் கை வைத்து, இனி புகையே தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவன் கோபி. மறுபடி தொட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வானகரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி ஜெயப்பிரியா அங்கேயே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். இது புகை இல்லை, ஆவிதான் என்று கோபி தனக்குத் தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு நாள் ஓட்டிக்கொண்டிருந்தான்.

“பரண் மேல டூல்ஸ் பெட்டி கீது. அதுல ஸ்பேனருக்கு அடியிலதான் வெப்பேன்.”

“அந்தப் பெட்டிய வேற யாரு தொடுவாங்க?”

“தம்பி அசோக் தொடுவான், பைக் ரிப்பேருக்கு. ஒருவேளை அவன்தானோ? மூணு நாளா என்னப் பாத்து ஒரு மாரி சிரிக்கிறான்டா. இல்ல, இவளுக்கே தெரிஞ்சிபோச்சோ? காலைல டீ குடுக்கசொல்லோ மூஞ்சே சரியில்ல.”

யோசிக்க யோசிக்க, வீட்டில் உள்ள எல்லோரும் அவனுக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்துவிட்டதாகவே பட்டது. ஜீவா ஊசியால் ஓட்டையைக் குத்தி, சுரண்டி வந்த துகளை மூக்கருகே கொண்டுபோனான்.

“மச்சான், இது சந்தனம்டா!”

கோபி ஒரு கணம் விழித்தான். அப்புறம் மேஜையைத் தட்டிச் சிரித்தான்.

“அடச்சே, நேத்து ஆயுத பூஜை! நான் அம்பத்தூர்ல பட்டறை பூஜையில மாட்டிக்கினேன். ஊட்ல டூல்ஸ் எல்லாத்தையும் கழுவி அவதான் பொட்டு வெச்சிருக்கா. இதையும் ஏதோ டெஸ்டருன்னு நெனச்சி வெச்சிட்டா போல!”

“பொட்டு வெச்சிருந்தா மேலயும் இருக்கணுமே?”

“லுங்கியில தொடச்சிட்டுத்தான் வாயில வெப்பேன். அழிஞ்சி போயிருக்கும். பாவம்டா அவ, ஒண்ணுந் தெரியாதவ. நான் வேற அனாவசியமா சந்தேகப்பட்டுட்டேன்.”

ஜீவா கழுவித் துடைத்துக் கொடுத்தான். ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தான் கோபி. காற்று ஜம்மென்று வந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஜெயப்பிரியா குழந்தையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் திறந்தான். ஸ்பேனர், கட்டிங் பிளேயர், ஸ்குரூ டிரைவர் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக மங்களகரமாக இருந்தன. இவனுடையது மட்டும் மொட்டையாக மின்னியது. நாளைக்கு அவள் பார்த்தால் இதை மட்டும் யார் எடுத்தது என்று கேட்கமாட்டாளா?

பூஜை அலமாரியில் மிச்சம் இருந்த சந்தனத்தைக் குழைத்தான். ஓட்டையில் படாமல் வட்டமாக ஒரு பொட்டு, நடுவில் குங்குமம். தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் பூஜைப் பொரியைக் கொறித்துக்கொண்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜெயப்பிரியா அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தாள். அப்போதுதான் வேலையிலிருந்து வந்த அசோக், செருப்பைக் கழற்றியபடி அப்படியே நின்றான்.

பெட்டிக்குள் கைவிட்டு அதை எடுத்தாள்.

“இன்னாங்க இது?”

“டெஸ்டரும்மா. கரண்ட் இருக்குதான்னு பாக்கறது. நீதான பொட்டு வெச்ச?” கோபி பொரியை வாயில் போட்டுக்கொண்டான். குரல் பிசிறாமல் வந்ததில் அவனுக்கே ஆச்சரியம்.

ஜெயப்பிரியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

“அசோக்கு, நேத்துலேர்ந்து உன்னாண்ட சரியாவே பேசல. நீயா இருக்குமோன்னு நெனச்சிட்டேன். மனசுல வெச்சிக்காதப்பா.”

பிறகு அலமாரிக்குப் போய், குழந்தையின் துணிகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டே கோபியிடம் சொன்னாள்:

“யாருதுன்னு தெரியணும்னுதான் ஓட்டைய சந்தனத்தால அடைச்சேன். இந்தக் கருமத்துக்கு நான் பொட்டே வெக்கலியே!”