தயமின் ஊசி

ஈப்போ கிளினிக்கில் டாக்டர், இளையதம்பி, அவர் மனைவி சந்திரமதி, நினைவு தடுமாறிக் கிடந்த மகள் புனிதவதி ஆகியோர் இருந்தனர்.

“தயமின் குறைஞ்சிட்டுது,” என்றார் டாக்டர். “தயோ என்றால் கந்தகம். கந்தகம் சேர்ந்த வைட்டமின். அது இல்லாட்டி மூளைக்குச் சக்தி கிடைக்காது. நிறைய வாந்தியோ?”

சந்திரமதி பதில் சொல்ல வாயெடுத்தாள்.

“இல்லை, முருகனுக்கு விரதம்,” என்றார் இளையதம்பி.

“உடனே வார்டில சேர்த்து ஊசி போடவேணும். இரத்தமும் சிறுநீரும் பார்க்கவேணும்.”

“ஒரு சோதனையும் வேண்டாம். மாத்திரை தாங்கோ, வீட்டில குடுக்கிறம்.”

“இஞ்சருங்கோ, மாத்திரையும் வயித்தில தங்காது...” என்றாள் சந்திரமதி.

“நீ பேசாதை!”

அந்த வாரமே புனிதவதி இறந்தாள். விரதமிருந்தே முருகனடி சேர்ந்தாள் என்று அவர்கள் ஊரான குனோங் ராபாட்டில் இன்றும் சொல்கிறார்கள்.

அது பொய். அவள் விரதம் இருக்கவில்லை. கல்யாணமாகாத அவளுக்கு வந்தது மசக்கை வாந்தி.