இருநூறு கோப்பை

"ஒரு நாளைக்கு இருநூறு கப் டீ. கப்புக்கு ஒரு வாய்னு வெச்சாலும் அரைக் குடம் வரும். அதை எங்கேங்க ஊத்துவீங்க?" என்றாள் மனைவி, அவருடைய பெல்ட்டில் ஆணியால் துளை போட்டுக்கொண்டே. எட்டு மாதத்தில் அது மூன்றாவது துளை.

"நான் பார்த்துக்கறேன்" என்றார் அவர்.

தேயிலைக் கம்பெனியில் டீயை ருசி பார்ப்பது அவர் வேலை. எந்தப் பெட்டி என்ன ரகம், எதோடு எதைக் கலந்தால் எடுபடும் என்று அவர் சொல்வதுதான் அங்கே தீர்ப்பு. பெயரே 'நாக்கு சார்' என்றாகிவிட்டது. நடுவில் உணவுக்குழாயில் புற்றுநோய். குழாயை வெட்டி எடுத்து, இரைப்பையை நெஞ்சுக்குள் இழுத்துத் தைத்திருந்தார்கள். விடுப்பு நேற்றோடு முடிந்தது. இன்று போய்ச் சேராவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள்.

"டாக்டர் என்ன சொன்னார்? கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை. சாப்பிடும்போது தண்ணி கூடாது. சாப்பிட்டதும் சாயக் கூடாது."

"எல்லாம் ஒழுங்கா பண்றேனா இல்லையா? கட்டில் தலைமாட்டுக்கு ரெண்டு செங்கல் வெச்சாச்சு. இனிப்பைத் தொட்டா நெஞ்சு படபடன்னு அடிக்குது, அதையும் விட்டாச்சு. ராத்திரி அசந்து தூங்கறேன். காலையில நாலு தெரு நடக்கறேன். வயிறும் மனசும் இப்ப பக்கத்துப் பக்கத்து வீடு. எனக்கு என்ன குறைச்சல்?"

"பேச்சுக்குக் குறைச்சலே இல்லை."

"வேலைக்குப் போகலாம்னு டாக்டரே கையெழுத்துப் போட்டிருக்கார்ல?"

"சிரிச்சுக்கிட்டே போட்டார். என்ன வேலைன்னு கேட்டாரோ இல்லையோ."

"கேட்டார். கேட்டுட்டுத்தான் சிரிச்சார்."

அவள் ஆணியைக் கீழே வைத்தாள். "நல்லா இருந்தப்பவே அந்த வேலை உங்களை என்ன பாடு படுத்திச்சு? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ஒரு நாள் சாயந்திரம் நான் போட்ட டீயைக் குடிச்சிருப்பீங்களா? உள்ளே நுழையும்போதே, 'வயிறு முட்ட டீ, உன் டீக்கு இடமில்லை'ம்பீங்க. ஞாயித்துக்கிழமை கூட, 'வாரம் பூரா குடிச்சது இன்னும் இறங்கலை'ம்பீங்க. அப்ப இருந்த வயித்துக்கே அந்தக் கதின்னா, இப்ப?"

அவர் பெல்ட்டை மாட்டினார்.

"நானும் வரேன். மேனேஜர்கிட்ட பேசி, கிடங்குல பெட்டிக்குச் சீட்டு ஒட்டற வேலையாவது வாங்கித் தரேன்."

"நீ எதுக்கு? வெயில் வேற" என்றார் அவசரமாக. பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அவளைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். நடக்கவில்லை.

மேனேஜர் இளைஞர். "வாங்க சார், வாங்கக்கா" என்று எழுந்து நின்றார். அவள் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்: அறுவை சிகிச்சை, ஆறு வேளை, செங்கல், கடைசியில் சீட்டு ஒட்டும் வேலை.

"தினம் இருநூறு கப் குடிக்க இவரால முடியாதுங்க தம்பி."

"குடிக்கறதா?" மேனேஜர் விழித்தார். "அக்கா, சார் எப்ப..."

நாக்கு சார் பலமாக இருமினார். மேனேஜரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மேனேஜருக்குப் புரியவில்லை.

"எனக்கு இருக்கற சந்தேகம் வேறக்கா. இவ்வளவு மருந்துக்கு அப்புறம் சாருக்கு நாக்கு பழையபடி இருக்கான்னுதான். இன்னைக்கு வந்த சரக்குல டீ போட்டு வெச்சிருக்கேன். நீங்களும் வந்து பாருங்க."

"அவ எதுக்கு? இங்கேயே இருக்கட்டும்" என்றார் நாக்கு சார்.

"நான் பார்க்கணும்" என்றாள் அவள்.

நீள மேஜையில் நாற்பது வெள்ளைக் கோப்பைகள். ஜன்னல் வெளிச்சம் ஒவ்வொன்றிலும் ஒரு நிறமாக நின்றது. அவர் கரண்டியை எடுத்தார். முதல் வாயை 'சுர்ர்' என்று உறிஞ்சினார். அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் ஒரு விநாடி அப்படியே நின்றார். ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாதவர் போலத் திரும்பி, பக்கத்தில் சக்கரம் வைத்து நின்ற உயரமான டப்பாவில் துப்பினார்.

அடுத்த கோப்பை. உறிஞ்சினார், துப்பினார். நாலைந்துக்குள் பழைய வேகம் வந்துவிட்டது. ஏழாவதில் நின்றார். "இது அடுப்புல கூடுதலா காய்ஞ்சிருக்கு." பத்தொன்பதாவதில் சிரித்தார். "பன்னிரண்டும் இதுவும் ஒரே பெட்டி. எனக்கே பரீட்சையா?"

நாற்பதும் முடிந்ததும் மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். "நாற்காலி உங்களுதுதான் சார்."

"எல்லாத்தையும் துப்பிட்டாரே" என்றாள் அவள் மெதுவாக.

"பின்னே? விழுங்கினா பத்து கப்புல நாக்கு மரத்துடும். டேஸ்டர் யாரும் விழுங்க மாட்டாங்கக்கா. சார் சேர்ந்த நாள்லேர்ந்து இந்த ரூம்ல ஒரு சொட்டு உள்ளே இறக்கினதில்லை. இந்த வேலைக்கு வயிறே வேண்டாம்."

எட்டு மாதத்துப் பாரம் இறங்கியது போல அவள் பெருமூச்சு விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கை பாதியில் நின்றது.

"அப்போ, இருபத்திரண்டு வருஷமா என் டீக்கு வயித்துல இடமில்லைன்னு சொன்னீங்களே?"

நாற்பது கோப்பையில் ஒரு சொட்டைக்கூட விழுங்காதவர், எச்சிலை விழுங்கினார்.