ரத்தம் தெரியாத கார்டு

"இதுல ரத்தம் ரொம்பத் தெளிவாத் தெரியறதுப்பா. வேண்டாம்" என்றான் ஹயக்ரீவன்.

தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் கடை போட்ட நாளிலிருந்து மந்திரமூர்த்தி அண்ணாச்சி எத்தனையோ குறை கேட்டிருக்கிறார். சூடாகுது, சத்தம் வருது, கரண்ட் இழுக்குது. படம் தெளிவாக இருக்கிறது என்று ஒருவன் குறை சொல்லி இப்போதுதான் கேட்கிறார்.

அது, கேம் படம் துல்லியமாகத் தெரியக் கம்ப்யூட்டருக்குள் மாட்டும் கிராஃபிக்ஸ் கார்டு, அறுபத்திரண்டாயிரம் ரூபாய். கடையில் வேலை பார்க்கும் ஐஸ்வர்யா அதில் ஒரு சண்டை கேமை ஓடவிட்டிருந்தாள். திரையில் ஒருவன் குண்டடிபட்டு விழுந்தான். நெற்றியில் நாமத்தோடு வந்திருந்த காலேஜ் பையன் ஹயக்ரீவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பக்கத்தில் நின்ற அப்பா பராங்குசத்துக்கு ஒன்றும் புரியவில்லை. மில்லர்புரத்தில் குடியிருக்கும் தனியார் பள்ளி வாத்தியார் அவர். நல்ல மார்க் வாங்கினால் இருப்பதிலேயே உசத்தியான கார்டு வாங்கித் தருவதாக மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கார்டு என்றதும் ரேஷன் கார்டு மாதிரி ஏதோ என்று நினைத்துவிட்டார், பாவம்.

மூன்று ஃபேன் வைத்து, செங்கல் கனத்தில் ஒன்றைக் காட்டியதும் "இதுவா கார்டு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். விலையைச் சொன்னதும் அந்தக் கேள்வியும் நின்றுவிட்டது. மாதத் தவணை உண்டா என்று மட்டும் மெதுவாக விசாரித்தார். பிறகு, வாக்குன்னா வாக்குதான், பில் போடுங்கோ என்றார்.

அண்ணாச்சி சந்தோஷமாக பில் போடப்போன நேரத்தில்தான் பையன் ரத்தப் பேச்சை எடுத்தான்.

ஐஸ்வர்யா சிரித்துக்கொண்டே வழி சொன்னாள். கேமிலேயே ரத்தத்தை ஆஃப் செய்துவிடலாம், நிறையப் பேர் செய்வதுதான் என்றாள்.

"ஆஃப் பண்ணினாலும் உள்ளே இருக்குமேக்கா" என்றான் ஹயக்ரீவன். "மூடி வெச்சா இல்லேன்னு ஆயிடுமா?"

ஐஸ்வர்யா அந்தக் கார்டைக் கழற்றினாள். அவள் படித்த கம்ப்யூட்டர் கோர்ஸில் இதற்குப் பதில் இல்லை.

அடுத்தது முப்பத்தெட்டாயிரம். அதில் ஒரு சந்தை வந்தது, சந்தையில் ஒரு மீன் கடை. மீனின் கண் பளபளக்கிறது, தன்னையே பார்க்கிறது என்று அதையும் தள்ளிவிட்டான். தூத்துக்குடியில் இருந்துகொண்டு மீனைப் பார்க்க மாட்டேன் என்பவனை என்ன செய்வது?

கார் ரேஸ் மட்டும் ஆடலாமே என்று அண்ணாச்சி கெஞ்சிப் பார்த்தார். குறுக்கே நாய் வந்தால் என்ன செய்வது என்று கேட்டான் பையன்.

"ஏளா, இவன் கேம் ஆட வந்தானா, உபன்யாசம் பண்ண வந்தானா?" என்று ஐஸ்வர்யாவிடம் முணுமுணுத்தார் அண்ணாச்சி.

கடைசியில் மூலையில் கிடந்த பத்தாயிரம் ரூபாய் கார்டை மாட்டிக் காட்டினார்கள். படம் சிக்கிச் சிக்கி ஓடியது. குண்டடிபட்டவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விழுந்தான். ரத்தம் ரோஸ் நிறத்தில் நாலு கட்டமாகத் தெரிந்தது. மீன்கள் சோப்புக்கட்டி மாதிரி வரிசையாகக் கிடந்தன.

ஹயக்ரீவன் முகம் மலர்ந்தது.

"இதுதான்ப்பா எனக்கு வேணும். இதுல ஒரு பாவமும் தெரியலை."

பராங்குசம் மகனையே பார்த்தார். நன்றாக யோசித்துக்கொள், பெரியதையே வாங்கிவிடலாம் என்று எவ்வளவோ சொன்னார். பையன் அசையவில்லை. தனக்கு இதுதான் உசத்தி என்று ஒரே பிடியாக நின்றான். கையில் கொண்டுவந்த பணத்திலேயே வேலை முடிந்தது. தவணைப் பேச்சுக்கே இடமில்லை.

பெட்டியை ஸ்கூட்டரில் வைக்கப் பையன் வெளியே போனான். பெரிய வியாபாரம் கைநழுவிய எரிச்சலையும் மீறி அண்ணாச்சிக்கு மனசு இளகிவிட்டது.

"சாமி, எங்க வீட்டுப் பய ஸ்க்ரீன்ல ரத்தம் தெறிக்கலேன்னா சோறு திங்க மாட்டேங்கான். நீங்க பிள்ளைய எப்படி வளத்திருக்கீக. படத்துல மீனைக் கண்டாக்கூட அவனுக்கு ஆகல, பாருங்க."

பராங்குசத்தின் கண்கள் கலங்கியிருந்தன. மகன் காதில் விழாது என்று நிச்சயம் செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"போன வாரம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பரோட்டாக் கடையில அவனைப் பாத்தேன், அண்ணாச்சி. சிக்கன் சால்னா பத்தலைன்னு திரும்பக் கேட்டு வாங்கிண்டிருந்தான்."