படிக்கு ஒரு மஞ்சள் கோடு

“அம்மாடி, முட்டி போச்சு!” என்று வக்கீலம்மா எட்டாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு படி கீழே பல் டாக்டர் பிடிமானம் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். பேங்க் மேனேஜர் பாடு இன்னும் மோசம். படி எங்கே முடிகிறது என்று காலால் துழாவிக்கொண்டே நின்றார்.

மூன்று பேரில் ஒருவருக்கும் இன்னும் நாற்பது ஆகவில்லை.

முட்டியைச் சுற்றி இறுக்கிய கட்டு, ஷூவுக்குள் நாலு கூழாங்கல், காதில் பஞ்சு, மூக்குக்கண்ணாடியில் ஒட்டிய மங்கல் தாள். இத்தனையையும் ஆளுக்கொரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தவர் பிசியோதெரபி அக்கா. “எண்பது வயசை அரைமணி நேரம் இரவல் வாங்கிப் பாருங்க” என்பார். வாரம் முழுக்க வேறு இடத்தில் வேலை. சனிக்கிழமையானால் தன்னைப்போல நாலு பேரைத் திரட்டிக்கொண்டு, இந்த ஆஸ்பத்திரியின் முதியோர் பிரிவுக்கு வந்துவிடுவார்.

படி மொத்தம் இருபத்தாறு. வழவழவென்று வெள்ளைப் பளிங்கு. சீட்டு போடும் கவுன்ட்டர் மேலே. மூன்று மாதத்தில் ஐந்து பேர் விழுந்திருந்தார்கள். கடைசியாக விழுந்த ரிட்டயர்டு தபால்காரர் இடுப்பு முறிந்து இன்னும் வார்டில் கிடக்கிறார். அக்கா கேட்டது இரண்டே இரண்டுதான்: நடுவில் ஒரு கைப்பிடி, ஒவ்வொரு படி விளிம்பிலும் ஒரு மஞ்சள் கோடு.

கையெழுத்துப் போடவேண்டியவர் ஆர்க்கிடெக்ட். கட்டடத்தை வரைந்தவரே அவர்தான், இப்போது நிர்வாகக் குழுவிலும் இருக்கிறார். கருகருவென்று முடி, ஜீன்ஸ், பட்டை ஃபிரேம் கண்ணாடி. கூட்டத்துக்கு வந்தால் நிர்வாகத்துக்கென்றே இருக்கிற பின்பக்க லிஃப்டில் ஏறி, அதே லிஃப்டில் இறங்கிப் போய்விடுவார்.

“மஞ்சள் கோடா? என் பளிங்குப் படியிலயா? இது என்ன பஸ் ஸ்டாண்டாம்மா?” என்று மூன்று தடவை மனுவைத் திருப்பி அனுப்பியவர். “ஒரே ஒரு தடவை நீங்களே ஏறிப் பாருங்க சார். அப்புறமும் வேண்டாம்னா நான் வாயே திறக்க மாட்டேன்” என்று அக்கா கெஞ்சிக் கூத்தாடி இன்றைக்கு வரவழைத்திருந்தார். அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் என்பதால், இன்று விட்டால் இனி கிடையாது.

மனிதர் தாமதமாகத்தான் வந்தார், போனைக் காதில் வைத்தபடி. மறுமுனையில் பேசியவர் குரல் எட்டாவது படி வரைக்கும் கேட்டது.

வக்கீலம்மாவைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த அக்கா அங்கிருந்தே கத்தினார். “சார், உங்க பை மேஜை மேல இருக்கு!”

அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு மேஜைப் பக்கம் போனார். ஐந்து நிமிஷம் கழித்து, கடைசி ஆளாகப் படியேறினார்.

விட்டுப்போன பேனாவை எடுக்க ஓடிய அக்காவின் காலில், மேஜைக்கு அடியில் ஒரு பை இடறியது. எப்போதும் ஒன்று கூடுதலாகக் கட்டிவருவது அவர் வழக்கம். காலாலேயே ஓரம் தள்ளிவிட்டு மேலே ஓடினார்.

ஆர்க்கிடெக்ட் விறுவிறுவென்றுதான் தொடங்கினார். பன்னிரண்டாவது படியில் வேகம் குறைந்தது. பதினாறில் நின்று, எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிகிற படியில் விளிம்பைக் காலால் தேடினார். மேலே போனதும் சீட்டு ஃபாரத்தைக் கை நீளும் மட்டும் நீட்டிப் பிடித்துப் படித்தார். “பதினாலு! டோக்கன் பதினாலு!” என்று நர்ஸ் மூன்று தடவை கூவியும், பதினாலைக் கையில் வைத்துக்கொண்டு கூரையை ரசித்துக்கொண்டிருந்தார்.

“சார் சினிமாவுக்குப் போயிருக்கணும்” என்று பல் டாக்டர் கிசுகிசுத்தார்.

இறங்கும்போதுதான் ஆபத்து வந்தது. கடைசிப் படிக்கு முந்தின படியிலேயே தரை வந்துவிட்டதென்று ஆர்க்கிடெக்ட் காலை வீசி வைக்க, அக்கா பாய்ந்து கையைப் பிடித்திருக்காவிட்டால் தபால்காரருக்குப் பக்கத்துக் கட்டில்தான்.

கீழே வந்ததும் எல்லாரும் கட்டை அவிழ்த்து, கல்லைக் கொட்டி, அப்பாடா என்று காலை நீட்டினார்கள். ஆர்க்கிடெக்ட் மட்டும் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அந்தப் பேப்பரைக் குடும்மா.”

கையெழுத்துப் போட்டார். ‘நடுவில் கைப்பிடி’ என்பதற்குக் கீழே ‘இரண்டு ஓரத்திலும்’ என்று தன் கையாலேயே சேர்த்தார். அக்காவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

“இவங்கள்லாம் முட்டி, கல்லுன்னு புலம்பித் தீர்த்துட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை பேசல. நடிப்புல எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுட்டீங்க சார்! சரி, பஞ்சை எடுத்துட்டு அந்தத் தாளை உரிச்சுக் குடுங்க.”

“என்னம்மா?”

“பஞ்சு சார், பஞ்சு!”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். “இதெல்லாம் வீண் வேலை, விறுவிறுன்னு ஏறி இறங்கி, படியில ஒரு குறையும் இல்லன்னு சொல்லிட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன்” என்றார். பிறகு மேஜைக்கு அடியில் கையைக் காட்டினார்.

“அந்தப் பையை நான் பிரிக்கவே இல்லம்மா.”